மோட்டாருக்குக் கம்பளி போர்த்தியவர்

அன்புள்ள நைனா,

நீ போனைப் பட்டென்று வைத்த பிறகு அம்மா அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து நீ அங்கே சாப்பிடாமல் கிடந்தால், முதலில் எழுந்து போய்ச் சாப்பிடு. நான் அழவில்லை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது, போய் இறக்கினேன். நீ கத்தியதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் ஒரு ஈடு கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது, அவ்வளவுதான் சேதம். மறுபடி கூப்பிட்டால் மறுபடி வைப்பாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியில் நிறுத்துவாய். கடிதத்தைத்தான் மடித்து வைக்கலாமே தவிர நடுவில் வெட்ட முடியாது. உன் அறையில் இருக்கிற பையன்களும் இதைப் படிக்கட்டும், ஒளிக்க ஒன்றும் இல்லை. திருவொற்றியூரில் காய்கறிக்காரர் வரைக்கும் தெரிந்த சேதி புனேவில் தெரிந்தால் குடி முழுகிவிடாது.

சேதியை ஒழுங்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் ஐஸ் கம்பெனி நடத்தும் ஏழுமலையை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். நீ அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து மாமா மாமா என்று கூப்பிட்டு, அவர் வண்டியில் ஏறிக்கொண்டு பீச் ரோடு வரைக்கும் போய்வந்தாயே, அதே ஏழுமலைதான். நீ போனில் இரண்டு கேள்வி கேட்டாய். "இந்த வயசுல இன்னாமா இது, நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்பது ஒன்று. "அப்பாவ மறந்துட்டியா?" என்பது இன்னொன்று. பதில் கேட்கத்தான் உனக்குப் பொறுமை இல்லை. இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இத்தனை காலம் கருகின மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிப் பிழைத்தவள் நான், எனக்குத் தெரிந்த பாஷையில்தான் சொல்ல வரும். உனக்கும் அதே தொழில் என்பதால் புரியும். புரியாத இடத்தில் உன் அறைப் பையன்களுக்கு நீ விளக்கிச் சொல்லு.

முதலில் வயசு. எண்ணூர்ப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலையில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஒன்று இருக்கிறது. உன்னைவிட மூத்தது. மேலே பூசிய பச்சைப் பெயின்ட் உரிந்து, பெயர்த் தகட்டில் எழுத்தே தெரியாது. போன மாதம் அதற்கு மெக்கர் வைத்துப் பார்த்தேன். செம்புக் கம்பியைச் சுற்றி இருக்கிற வார்னிஷும் காகிதமும் இன்னும் கரண்டைத் தாங்குமா, இல்லை கசியவிடுமா என்று சொல்கிற கருவி அது. முள் போய் உச்சியில் நின்றது, கசிவே இல்லை என்று அர்த்தம். அங்கே இருந்த சூப்பர்வைசர் நம்பாமல் மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் உச்சிதான். அதே வாரம் வள்ளூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் போடுகிற ஒரு சின்ன இடத்திலிருந்து ஒரு மோட்டார் வந்தது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திறந்தால் உள்ளே அப்பளம் பொரிந்த மாதிரி கிடக்கிறது. மேல் ஓட்டில் சாம்பல் அப்பிக்கொண்டு காற்று போக வழியில்லை, அது போதாதென்று மூச்சுக்கு ஒருமுறை நிறுத்துவதும் போடுவதுமாக இருந்திருக்கிறார்கள். சூடு, ஈரம், அதிர்வு, அடிக்கடி நிறுத்திப் போடுவது, இவைதான் இன்சுலேஷனுக்கு வயசைக் கூட்டும். தகட்டில் இருக்கிற வருஷத்தைப் பார்த்து நான் எந்த மோட்டாரையும் இதுவரைக்கும் பழைய இரும்புக்குப் போடச் சொன்னதில்லை. என்னை மட்டும் நீ தகட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறாய், அது நியாயமா?

இன்னொரு விஷயமும் உண்டு, அது உனக்கு முழுதாகத் தெரியாது. ஓடி ஓடிக் கெடுகிற மோட்டாரைவிட, கடலோரத்தில் சும்மா கிடந்து கெடுகிற மோட்டார்தான் நம் கடைக்கு அதிகம் வரும். ஓடுகிறபோது அதன் சொந்தச் சூடே அதை உலர்த்தி வைத்துக்கொள்ளும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு போகாது, ஐஸ் வேண்டாம், ஐஸ் கம்பெனி மோட்டார்கள் எல்லாம் சும்மா கிடக்கும். உப்புக் காற்று உள்ளே போய்க் குடித்தனம் பண்ணும். தடை முடிந்து ஸ்விட்சைப் போட்டால் டப்பென்று ஒரு சத்தம், அதோடு சரி. உன் அப்பா போன பிறகு நான் அப்படித்தான் கிடந்தேன், நைனா. நீ அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம், காலையில் பஸ் பிடித்தால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாய். சொந்தக்காரர்கள் எல்லாரும் ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். நானும் கடை ஷட்டரை இறக்கினவள் ஏற்றவே இல்லை. முட்டி வீங்கியது, விரல் மரத்தது, கம்பியின் கனம்கூட கைக்கு மறந்துபோனது.

ஒரு நாள் காலையில் வாசலில் பெரிய சத்தம். கடைக்குப் பின்னால்தானே நம் வீடு, போய் எட்டிப் பார்த்தால், இறக்கிய ஷட்டருக்கு முன்னால் ஒரு மீன்பாடி வண்டி. அதில் ஐஸ் கம்பெனி கம்ப்ரஸர் மோட்டார். பக்கத்தில் நடைபாதையில் துண்டைப் போட்டு ஏழுமலை உட்கார்ந்திருக்கிறார்.

"கடை இல்லீங்க அண்ணே. வேற எடத்துல குடுத்துடுங்க" என்றேன்.

"வேற எடத்துல போட மாட்டேன் மா. நீ ஷட்டர தொறக்கற வரைக்கும் இங்கயே குந்திகினு கீறேன். எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல. மீனுக்குத்தான் பேஜாரு."

நான் உள்ளே போய்விட்டேன். சாம்பார் வைத்தேன். திரும்ப வந்து பார்த்தால் அதே இடத்தில் இருக்கிறார், எதிர்க்கடை டீயைக் குடித்துக்கொண்டு தெருவில் போகிற கன்டெய்னர் லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு. எனக்கு வந்த கோபத்தில் ஷட்டரை நானே ஏற்றினேன். துருப்பிடித்துப் போய் முக்கால்வாசிதான் ஏறியது. அன்றைக்குக் கருகின காயிலை வெட்டி எடுக்கும்போது கம்பி கீறி விரலில் ரத்தம் வந்தது. அது வலித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் நீ வந்து, "இன்னாமா, கடையில லைட் எரியுது!" என்று வாசலிலேயே நின்று கத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த லைட் எப்படி எரிந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் கடைப் பழக்கம் ஒன்றை உன் அறைப் பையன்களுக்குச் சொல்ல வேண்டும். காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்து, முதல் தடவை ஓட்டிப் பார்க்கும்போது, கட்டினவர் ஓடவைக்கிற பச்சைப் பட்டனைத்தான் அமுக்கலாம். நிறுத்துகிற சிவப்புப் பட்டன் மேல் வேறு ஒருவர் விரல் இருக்க வேண்டும். உன் அப்பா ஏற்படுத்திய சட்டம் இது. "கட்னவனுக்கு அதும்மேல ஆசை கீதுல்ல, அதனால காது கேக்காது. பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் கேக்கும்" என்பார். அவர் கட்டினால் சிவப்பில் நான். நான் கட்டினால் சிவப்பில் நீ. ஸ்டூல் போட்டு உன்னை ஏற்றி நிறுத்துவோம். மோட்டார் எழும்பும்போது உறுமும் இல்லையா, அந்த உறுமலைக் கேட்டதுமே பயந்து படாரென்று சிவப்பை அமுக்கிவிடுவாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். "டேய், அது எயுந்திரிக்கிற சத்தம்டா. கொஞ்சம் வுட்டுப் பாரு, அடங்கிடும்" என்று சொல்லி மறுபடி போடச் சொல்வார். மறுபடியும் அமுக்குவாய். போன வாரம் நீ போனை வைத்தபோது எனக்கு அந்த ஸ்டூல்தான் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

வளர்ந்த பிறகு எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவனும் நீதான். வேலைக்குப் போய் முதல் லீவுக்கு வந்தபோது நான் மெக்கர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, ஒரு நிமிஷத்துல எடுத்துட்ட? பத்து நிமிஷம் வையி" என்றாய். நாங்கள் காலமெல்லாம் கையால் சுற்றுகிற மெக்கரை ஒரு நிமிஷம் சுற்றி, முள் நிற்கிற இடத்தைப் பார்த்து, முடிவு சொல்லிவிடுவோம். பத்து நிமிஷம் சுற்றினால் என் தோள்பட்டையை யார் கட்டுவது என்று கேட்டேன். நீ சுற்றிக் காட்டினாய், வேர்த்து ஊற்றியது உனக்கு. ஆனால் நீ சொன்னது சரி. உலர்ந்து நன்றாக இருக்கிற காயிலில் முதலில் கொஞ்சமாகக் காட்டினாலும் நேரம் போகப் போக முள் மேலே ஏறிக்கொண்டே போகும். ஈரம் குடித்துக் கெட்டதில் ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிடும். முதல் நிமிஷத்தைவிடப் பத்தாவது நிமிஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று விளக்கினாய். அதற்கு அப்புறம் பேட்டரி மெக்கர் ஒன்று வாங்கி அனுப்பினாய். அதை நான் துணி சுற்றித்தான் வைத்திருக்கிறேன், யாருக்கும் இரவல் தருவதில்லை.

இனி கம்பளிக் கதைக்கு வருகிறேன். தடைக்காலத்தில் மோட்டார் ஈரம் குடிக்காமல் இருக்க, அடியில் ஒரு குண்டு பல்பு எரியவிடுங்கள், தினமும் நடுவில் சுழல்கிற தண்டை, அந்த ஷாஃப்டை, கையால் சுற்றிவிடுங்கள் என்று ஏழுமலையிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். போன வருஷம் தடைக்காலத்தில் ஒரு நாள் காசிமேட்டில் வேறு வேலையாகப் போனவள், அப்படியே ஐஸ் கம்பெனிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அம்மோனியா வாடைக்கு மேல் ஏதோ பொசுங்குகிற வாடை. போய்ப் பார்த்தால் மோட்டாருக்குக் கழுத்து வரைக்கும் கம்பளி போர்த்தியிருக்கிறது. ஷாஃப்ட் மட்டும் வெளியே தெரிகிறது, தூளியில் கிடக்கிற குழந்தை மாதிரி.

"இன்னா அண்ணே, மோட்டாருக்கு ஜுரமா?"

"இல்ல மா. கடல் காத்து ஈரமா அடிச்சிகினே கீது. நீதான சூடு வோணும்னு சொன்ன. ஒரு பல்பு பத்துமோ பத்தாதோன்னு எனக்கு மனசு கேக்கல. அதான் வூட்ல இருந்த கம்பளிய எடுத்தாந்து போத்தி வுட்டேன்."

"பத்து டிகிரி எச்சா ஏறிச்சினா இன்சுலேஷனுக்கு ஆயுசு பாதியா பூடும், தெரியுமா? ஈரத்துலேர்ந்து காப்பாத்தறேன்னு பாசத்துலயே பொசுக்கிடுவீங்க போல கீதே!"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கம்பளியை உருவினார். நடுவில் பல்பு பட்ட இடம் கருகி, தட்டு அளவுக்கு ஓட்டை. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார், ஓட்டை வழியாக அவர் முகம் தெரிகிறது. மீசையும் மூக்குக்கண்ணாடியும் பேந்தப் பேந்த விழிக்கிற கண்ணும். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐஸ் டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, மெக்கர் வைத்துப் பார்த்தேன், பத்து நிமிஷம் வைத்துத்தான் பார்த்தேன். கம்பளிதான் போயிற்று.

அதற்கு அப்புறம் அவர் அடிக்கடி கடைக்கு வர ஆரம்பித்தார். ஒரு நாள் மிக்ஸி, ஒரு நாள் கிரைண்டர், ஒரு நாள் தன் மகள் வீட்டு வாஷிங் மெஷின் மோட்டார். கடைசியில் ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்தார். எல்லா இடத்திலும் மெக்கர் வைத்துப் பார்த்துவிட்டேன், பழுதே இல்லை.

"இதுல ஒண்ணும் இல்லீங்களே அண்ணே."

"தெரியும் மா. நல்லாத்தான் ஓடுது. உன்னாண்ட கொஞ்ச நேரம் பேசிகினு இருக்கணும்னு தோணிச்சி. சும்மா கைய வீசிகினு வந்தா நல்லாருக்காதேன்னு எடுத்தாந்தேன்."

நான் ஃபேனைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்தேன். அப்புறம் நான்தான் சொன்னேன், அவர் சொல்லவில்லை, இதை நீ நன்றாகக் குறித்துக்கொள். "இனிமே உங்கள அண்ணேன்னு கூப்பிட எனக்கு வாய் வரல" என்றேன். அந்த மனுஷனுக்குப் புரியவில்லை. "பரவால்ல மா, பேர் சொல்லியே கூப்டு" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டு, அங்கே புரிந்து, திரும்பி வந்தார். ஃபேனை மறந்து வைத்துவிட்டுப் போனதால்தான் வந்ததாகச் சொன்னார். அது இப்போது நம் வீட்டுக் கூடத்தில்தான் ஓடுகிறது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. கோபம் வந்தது எனக்கு அந்தக் கேள்வியில்தான், மறைக்க மாட்டேன். உன் அப்பாவை மறப்பதற்கு நான் முதலில் என் கையை மறக்க வேண்டும். காயில் போடும்போது கம்பியை இழுத்துப் பிடிக்கிற பதம், காகிதத்தை மடிக்கிற ஓரம், எல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. நம் பின்கட்டுக் கிணற்று மோட்டார் அவர் கட்டியது. தினமும் காலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன். ஏழுமலையிடம் இதையெல்லாம் நான் சொல்லாமல் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட தன் மனைவியின் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து, "உங்க வூட்டுக்காரர் பக்கத்துல மாட்டலாமா?" என்று கேட்டார். "மேல ரெண்டு பேரும் தனித்தனியா குந்திகினு இருப்பாங்க. பக்கத்துல பக்கத்துல இருந்தா நம்மளப் பத்திப் பேசிகினாவது இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண் கலங்கியதும் அப்போதுதான், சிரிப்பு வந்ததும் அப்போதுதான். மாட்டியாயிற்று. அந்த அம்மா சிரித்த முகம், உன் அப்பா வழக்கம்போல முறைத்துக்கொண்டிருக்கிறார். ஏழுமலையின் மகள், மாதவரத்தில் இருக்கிறவள், சேதி கேட்டு முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாளே எனக்கு என்ன கலர் புடவை எடுப்பது என்று பேச வந்துவிட்டாள். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை என்று முடிவாகியிருக்கிறது. எனக்கு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உனக்கும் இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், பெற்றவள் என்ற பாத்தியதையில். நீ அங்கே சென்சார் மாட்டி நூறு மோட்டாருக்குச் சூடு பார்க்கிறாய், உன் சூட்டைப் பார்க்க ஆள் இல்லை. டபுள் ஷிஃப்டு பார்த்துவிட்டு டீயும் பன்னும் தின்று படுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதே. கோபம் வந்தால் போனை வை, தப்பில்லை, கத்திக்கொண்டே பேசுவதற்கு அதுவே தேவலை. ஆனால் வைத்தவன் திரும்ப எடுக்கவும் வேண்டும். எல்லா நேரமும் ஓட வேண்டாம், சும்மாவும் கிடக்க வேண்டாம். உனக்குப் பிடித்த பெண் யாராவது இருந்தால் பழுதில்லாத ஃபேனைத் தூக்கிக்கொண்டாவது போய்ப் பேசு. நான் என் முடிவை உன்னிடம் கேட்டு எடுக்கவில்லை, அதையும் மரியாதையாகவே சொல்லிவிடுகிறேன். நீ வேண்டாம் என்றாலும் கல்யாணம் நடக்கும். ஆனால் நீ வராமல் நடந்தால் என் சந்தோஷத்தில் ஒரு இடம் ஓட்டையாகவே இருக்கும், அந்தக் கம்பளி மாதிரி. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

தடை முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு. காலையில் நம் தெரு அம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொள்கிறோம். அங்கிருந்து எல்லாரும் நேராக ஐஸ் கம்பெனிக்கு. ஷாமியானா இல்லை, மேளம் இல்லை, வருகிறவர்களுக்கு ரோஸ் மில்க்கும் பிரியாணியும். அந்தக் கம்ப்ரஸர் மோட்டாருக்கு இந்த வருஷம் நானே புதுசாகக் காயில் போட்டிருக்கிறேன். வார்னிஷ் பளபளவென்று காய்ந்து கிடக்கிறது. கம்பளி இல்லாமல், பல்பு மட்டும் எரிகிறது. கற்பூரம் காட்டி, கல்யாணம் முடிந்த கையோடு அதை முதல் தடவை ஓட்டப் போகிறோம்.

சட்டம் உனக்குத் தெரியும். கட்டினவள் நான், பச்சைப் பட்டனை நான் அமுக்குவேன். எனக்கு ஆசை இருக்கிறது, நிறையவே இருக்கிறது, அதனால் எனக்குக் காது கேட்காது. சிவப்பில் நிற்க உன்னைத் தவிர இங்கே ஆள் இல்லை. ஏழுமலை கேட்டார், முடியாது, அது என் பையன் இடம் என்று சொல்லிவிட்டேன். இப்போது உனக்கு ஸ்டூல் தேவைப்படாது. வந்து விரலை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நில்லு. மோட்டாரையும் கேள், எங்கள் இரண்டு பேரையும் பார். எங்கேயாவது கருகல் வாடை வந்தால், சத்தத்தில் குறை தெரிந்தால், யாரையும் கேட்காமல் அமுக்கு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் முதல் உறுமலிலேயே அமுக்கிவிடாதே. பத்து நிமிஷம் பொறு, நைனா. நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

இப்படிக்கு,
மாம்பழ மஞ்சள் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கும்
உன் அம்மா